வஞ்சகத்திற்குக் கைவைத்தியம்

ஓர் ஊரில் நிதி நிறுவனம் ஒன்று கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டால், நீதிமன்றம் கூடுவதற்கு முன்பே அங்கு ஒரு தீர்ப்பு வழங்கப்பட்டு விடுகிறது. தேநீர்க் கடையில் அது வழங்கப்படுகிறது. திருமண வீட்டுப் பந்தியில் வழங்கப்படுகிறது. சில வேளைகளில் நம் ஆலயங்களின் மறையுரை மேடையிலிருந்தும் வழங்கப்படுகிறது. “பேராசை பெருநஷ்டம்” என்பதே அத்தீர்ப்பு. சொல்பவர் தலையை ஆட்டிக்கொள்கிறார், கேட்பவரும் ஆட்டிக்கொள்கிறார். பணத்தைச் சுருட்டியவனின் பெயர் அந்தப் பேச்சில் வருவதேயில்லை. பறிகொடுத்தவனே கூண்டில் ஏற்றப்படுகிறான்.

ஏமாந்தவரைப் பற்றிப் பேசும்போது இந்தப் பழமொழியை நாம் கைவிட்டாக வேண்டும். நோயின் காரணத்தை அது தவறாகச் சொல்கிறது. காரணம் தவறாகச் சொல்லப்பட்ட நோய்க்கு மருந்தும் தவறாகத்தான் தரப்படும்.

ஆரணியை எடுத்துக்கொள்வோம். திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த இவ்வூரையும் இதைச் சூழ்ந்த சிற்றூர்களையும் வாழவைத்தது பட்டுத்தறி. காஞ்சிப் பட்டைவிட எடை குறைந்த ஆரணிப் பட்டுக்கெனத் தனி வாடிக்கையாளர்கள் உண்டு. புவிசார் குறியீடும் உண்டு. ஆயினும் அப்புடவையைக் கூலிக்கு நெய்யும் குடும்பத்திற்கு மாதச் சம்பளம் இல்லை. நெய்து கொடுத்த புடவைக்கே காசு. பாவு வருவது ஒரு வாரம் தாமதமானால் அந்த வாரம் வருமானமில்லை. மழைக்காலத்தில் தறிக்குழியில் நீர் ஊறினால் வேலை நின்றுவிடும். கண் மங்கி, முதுகு வளைந்த காலத்தில் தாங்கிக்கொள்ளப் பெரிய ஓய்வூதியம் ஏதுமில்லை. இத்தகைய வீட்டில் பத்து ஆண்டுகள் பாடுபட்டுச் சேர்த்த ஒரு லட்சம் ரூபாய் இருக்குமானால், அதற்குள் மகளின் திருமணமும் மகனின் கல்லூரிக் கட்டணமும் கணவனின் அறுவைச் சிகிச்சையும் முண்டியடித்துக்கொண்டு நிற்கும். ஒரு லட்சம் மூன்று லட்சம் ஆகாதா என்று அந்த வீடு ஏங்குவது மாளிகை கட்டுவதற்காக அன்று. மூன்று செலவுகளுக்கு ஒரே பணம் இருப்பதால்தான். அந்த ஏக்கத்திற்குப் பேராசை என்று பெயரிடுபவர், மாதந்தோறும் முதல் தேதியில் சம்பளம் வாங்குபவராகவே பெரும்பாலும் இருப்பார்.

2022-ஆம் ஆண்டில் தமிழகத்தையே உலுக்கிய ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவன விவகாரத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாதத்திற்கு 25 முதல் 30 விழுக்காடு வரை வட்டி தருவதாகக் கூறி, ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டவர்களிடம் ரூ. 2,438 கோடி திரட்டப்பட்டது என்பது காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு தந்த கணக்கு. ஆரணியை அடுத்த செய்யாற்றுப் பகுதியிலோ, தீபாவளிச் சீட்டுக் கட்டிய எளிய குடும்பங்கள் பொருளும் கிடைக்காமல் பணமும் கிடைக்காமல் தவித்ததை அண்மை ஆண்டுகளில் கண்டோம். சற்றுப் பின்னோக்கிப் பாருங்கள். 1990-களில் தேக்கு மரம் வளர்த்துப் பங்கு தருவதாகச் சொன்ன அனுபவ் நிறுவனம் 1998-இல் சரிந்தது. 2012-இல் பெருந்துறையில் ஈமு கோழி. அதன்பின் தங்கம். மரமும் பறவையும் உலோகமும் மாறி மாறி வந்தன. ஏமாற்றிய முறை ஒன்றே. 1920-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்லஸ் போன்சி என்பவர், 45 நாளில் 50 விழுக்காடு லாபம் என்று சொல்லிப் பணம் திரட்டினார். அவருக்குப் பணம் கொடுத்தவர்களில் பலர் அவரைப் போலவே இத்தாலியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். தம் மொழி பேசுபவன், தம் கோயிலுக்கு வருபவன் என்ற நம்பிக்கையில் கொடுத்தார்கள்.

பேராசைதான் காரணம் என்றால், முன்பின் தெரியாத ஒருவன் தெருவில் நின்று 30 விழுக்காடு வட்டி என்று கூவினாலும் மக்கள் ஓடிப்போய்க் கொடுக்க வேண்டும். அப்படி எவரும் கொடுப்பதில்லை. கொடுப்பது சித்தப்பா மகனிடம்; பள்ளியில் உடன் படித்தவரிடம்; ஞாயிறுதோறும் பக்கத்து இருக்கையில் முழந்தாளிடுபவரிடம். முகவராக வந்து நிற்பவர் பெரும்பாலும் நமக்கு நெருங்கியவரே. பல நேரங்களில் அவரும் நம்பித் தம் பணத்தைப் போட்டவரே. முதல் இரண்டு மாதங்கள் அவருக்கு வட்டி வந்திருக்கும். அதைச் சாட்சியாகக் காட்டுவார். வஞ்சகம் பயணம் செய்யும் வண்டி நம்பிக்கை. அந்த வண்டியை விட்டுவிட்டு ஆசையை மட்டும் திட்டிக்கொண்டிருப்பதால் எந்தப் பயனும் இல்லை.

“கணக்குத் தெரிந்தால் ஏமாந்திருக்க மாட்டார்கள்” என்று சிலர் கூறுவர். சரி, கணக்கையும் போட்டுப் பார்ப்போம். நூறு பேர் ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுக்கிறார்கள். மாத வட்டி 30 விழுக்காடு. தொழில் ஏதும் நடக்கவில்லையெனில், முதல் மாத வட்டியான 30 லட்சத்தைத் தர 30 புதியவர்கள் வேண்டும். இப்போது 130 பேர். அடுத்த மாதம் 39 புதியவர்கள் வேண்டும். இப்படியே ஓராண்டு போனால் சுமார் 2,330 பேர். இரண்டாண்டில் 54 ஆயிரம். மூன்றாண்டில் 12 லட்சத்திற்கும் மேல். 39-ஆம் மாதத்தில் 27 லட்சத்தைத் தாண்டிவிடும். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி திருவண்ணாமலை மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையே சுமார் 24 லட்சத்து 65 ஆயிரம்தான். தொட்டிலில் கிடக்கும் குழந்தை முதல் கட்டிலில் கிடக்கும் பாட்டி வரை ஆளுக்கு ஒரு லட்சம் கொடுத்தாலும் அந்த நிறுவனம் நான்காம் ஆண்டைக் கடக்க முடியாது. உள்ளே இருக்கும் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடுவதைத் தவிர அதற்கு வேறு முடிவே இல்லை.

ஆனால் இந்தக் கணக்கு தெரிந்த ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் வணிகர்களும் இத்தகைய திட்டங்களில் பணம் போட்டார்களே, அதற்கு என்ன சொல்வது? அவர்களுக்குக் கணக்கு தெரியும். கேட்கும் துணிவுதான் இல்லை. “அண்ணே, இந்த வட்டி எங்கிருந்து வருகிறது? உரிமம் யார் கொடுத்தது? அந்தக் காகிதத்தைக் கொஞ்சம் காட்டுங்கள்” என்று உறவினரைக் கேட்பது நம்மிடையே அவமதிப்பு. “என்னை நம்பமாட்டாயா?” என்ற ஒரே கேள்வியில் நம் வாய் அடைபட்டுவிடுகிறது. நம் நாட்டு வஞ்சகத்தின் முழு மூலதனமும் இந்த ஒரு கேள்விதான்.

வியப்பு என்னவென்றால், சோதித்துப் பார்க்கும் கலையில் ஆரணிக்காரனுக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கூலிக்கு நெய்பவருக்குப் பட்டு நூலையும் ஜரிகையையும் முதலாளி எடைபோட்டுத்தான் கொடுக்கிறார். நெய்த புடவையை எடைபோட்டுத்தான் வாங்குகிறார். இருபது ஆண்டுப் பழக்கம் என்பதற்காகத் தராசை எவரும் மூலையில் வைத்துவிடுவதில்லை. “என்னை நம்பமாட்டீர்களா?” என்று நெசவாளி கோபித்துக்கொள்வதும் இல்லை. பட்டா, செயற்கை இழையா என்ற ஐயம் எழுந்தால் ஓர் இழையைப் பிரித்தெடுத்துக் கொளுத்திப் பார்க்கிறார்கள். பட்டு, முடி கருகும் நாற்றத்தோடு எரிந்து, தொட்டால் பொடியாகும் சாம்பலை விட்டுச் செல்லும். பாலியஸ்டர் உருகி, கெட்டியான மணியாக இறுகும். ஜரிகையைக் கல்லில் உரசினால், அசல் ஜரிகையின் உள்ளே சிவப்புச் சாயமிட்ட பட்டிழை தெரியும். இச்சோதனையைக் கண்டு நல்ல வியாபாரி முகம் சுளிப்பதில்லை. தீப்பெட்டியை அவரே எடுத்து நீட்டுவார். சுளிக்கும் முகமே அங்கு பதிலாகி விடுகிறது.

தறியில் இருக்கும் இந்த அறிவு, பணம் தரும் திண்ணையில் மட்டும் ஏன் இல்லாமல் போகிறது? ஆறாயிரம் ரூபாய்ப் புடவைக்கு ஓர் இழையைக் கொளுத்திப் பார்ப்பவர், ஆறு லட்சத்தைக் கொடுக்கும்போது ஒரு காகிதத்தைக் கேட்கக் கூசுவது ஏன்? பொருளைச் சோதிப்பது தொழில் என்றும், மனிதரைச் சோதிப்பது பகை என்றும் நம் மனத்தில் யாரோ எழுதிவிட்டார்கள். அந்த எழுத்தை அழிப்பதே முதல் கைவைத்தியம்.

கைவைத்தியம் என்றவுடன் சட்டத்தைத் தூக்கி எறியச் சொல்வதாக எவரும் எண்ணிவிட வேண்டாம். இதற்கெனச் சட்டங்கள் இருக்கின்றன, நல்ல சட்டங்களே. 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின்படி, சீட்டு நடத்துபவர் முன்னனுமதி பெற்றுப் பதிவு செய்ய வேண்டும். சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையம் வைக்க வேண்டும். உறுப்பினருக்கு ஒப்பந்தப் படியைத் தர வேண்டும். முதலீட்டாளர் நலப் பாதுகாப்புக்காகத் தமிழகம் 1997-இல் தனிச் சட்டமே இயற்றியது. ஏமாற்றிய நிறுவனத்தின் சொத்துக்களை முடக்கவும், சிறப்பு நீதிமன்றத்தின் வழியாக அவற்றை விற்றுப் பணம் வழங்கவும் அது வழி செய்கிறது. 2019-இல் வந்த மத்தியச் சட்டம், முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களை நடத்துவதை மட்டுமல்ல, அவற்றில் சேருமாறு பிறரைத் தூண்டுவதையும் குற்றமாக்கிவிட்டது. ஒரு நிறுவனம் வைப்புத்தொகை பெற அனுமதி பெற்றதா என்று பார்க்கவும், புகார் தரவும் ரிசர்வ் வங்கி 2016-இல் ‘சசேத்’ என்னும் இணையதளத்தையே திறந்து வைத்தது.

ஆயினும் சட்டம் என்பது மருத்துவமனையைப் போன்றது. கால் முறிந்தபின் அங்கு போகிறோம். போகத்தான் வேண்டும். ஆனால் சொத்து முடக்கம், ஏலம், பங்கீடு என்று ஒவ்வொரு படியையும் கடந்து பணம் வருவதற்குள் ஆண்டுகள் பல ஓடிவிடுகின்றன. வரும்போதும் முழுத்தொகையும் வருமென்ற உறுதி இல்லை. அதற்குள் மகளின் திருமண வயது காத்திருக்காது. மருத்துவமனை இருக்கிறதே என்பதற்காக எவரும் வழுக்கும் படிக்கட்டில் ஓடுவதில்லை.

மறுபக்கம் இன்னொரு கூட்டம் உண்டு. “காவல் நிலையம், நீதிமன்றம் என்று ஏன் அலைய வேண்டும்? ஊருக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்வோம்” என்பார்கள் இவர்கள். இது கைவைத்தியம் போல் தோன்றும் நஞ்சு. பேசி முடிக்கும் இடத்தில் குரல் உயர்ந்தவரின் பணம் முதலில் திரும்பும். விதவையின் பணம் கடைசியில் நிற்கும். மிச்சமிருக்கும் சொத்து, பேச்சு நடக்கும்போதே கைமாறிவிடும். ஆகவே புகார் கொடுக்க வேண்டிய நேரத்தில் புகார் கொடுத்தே ஆக வேண்டும். வீட்டு மருந்து மருத்துவமனைக்குத் துணை, மாற்று அன்று.

அந்த வீட்டு மருந்துகள் யாவை? அவற்றை வாங்க எங்கும் போக வேண்டியதில்லை. முதலாவது, காகிதம். எத்தனை நெருங்கிய உறவாயினும் எழுத்தில்லாமல் பணம் கைமாறக் கூடாது. வாங்குபவர் நேர்மையானவரானால் அவரே எழுதித் தருவார். நாளைக்கு அவர் இறந்துபோனாலும் அவர் பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் இடையே சண்டை வராமல் காப்பது அந்தக் காகிதம்தான். இரண்டாவது, தாமதம். “இன்று மாலைக்குள் கட்டினால்தான் இந்தச் சலுகை” என்று எவராவது சொன்னால், அன்று மாலை கட்டாதிருப்பதே போதுமான பாதுகாப்பு. நல்ல திட்டம் மூன்று நாள் காத்திருக்கும். மூன்றாவது, பேச்சு. பணம் போடுமுன் திட்டத்தில் சேராத இருவரிடம் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். “வெளியே சொல்லாதீர்கள், உங்களுக்காக மட்டும்” என்று முகவர் கேட்டுக்கொள்வாரானால், அதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேறில்லை. இருளில் மட்டுமே வளரும் செடி எதுவென்று உழவருக்குத் தெரியும்.

நான்காவது மருந்து கசப்பானது. ஏமாந்தபின் பேச வேண்டும். ஏமாந்தவர் வெட்கத்தால் வாயை மூடிக்கொள்கிறார். அவர் மூடிய வாயின் மறைவில் அதே முகவர் அடுத்த தெருவில் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிறார். முதலில் ஏமாந்தவர் முதல் நாளே பேசியிருந்தால் பத்துப் பேராவது தப்பியிருப்பார்கள். அவரைப் பேசவிடாமல் செய்தது எது? நாம் முதலில் கண்ட அதே பழமொழிதான். “பேராசை பெருநஷ்டம்” என்று ஊர் சிரிக்கும் என்ற அச்சமே அவர் வாயைத் தைத்துவிட்டது. வஞ்சகனுக்கு இலவசமாகக் காவல் காக்கும் நாய் அந்தப் பழமொழி.

இந்த இடத்தில் பங்குச் சமூகமாகிய நம்மை நோக்கியும் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இருபது, முப்பது குடும்பங்கள் வீடு வீடாகக் கூடும் அன்பியம் நம்மிடம் இருக்கிறது. அங்கே இறைவார்த்தை வாசிக்கிறோம், செபிக்கிறோம், தேநீர் அருந்திக் கலைகிறோம். மேலே கண்ட 39 மாதக் கணக்கை ஒருநாள் அங்கே கரும்பலகையில் போட்டுக் காட்டினால் செபத்திற்கு என்ன குறைவு வந்துவிடும்? “என் பணம் போய்விட்டது” என்று ஒரு சகோதரி அங்கே அழ முடியுமா? அல்லது அங்கும் அவருக்கு அந்தப் பழமொழிதான் காத்திருக்கிறதா? ஆலய வளாகத்தில் சீட்டு நடத்துபவர் பதிவு செய்தவரா என்று பங்குப் பேரவை என்றாவது கேட்டதுண்டா? திருவிழாவிற்குப் பெருந்தொகை நன்கொடை தரும் நிதி நிறுவனத்தாரின் பெயரை ஒலிபெருக்கியில் மூன்று முறை வாசிக்கிறோமே, அந்த வாசிப்பே நாளை நூறு குடும்பங்களுக்குப் பிணைப்பத்திரமாகத் தோன்றும் என்பதை எண்ணிப் பார்த்தோமா? கணக்குக் கேட்கும் பழக்கத்தை மக்களிடம் வளர்க்க விரும்பும் பங்கு, தன் கணக்கை முதலில் ஆலயக் கதவில் ஒட்டி வைக்கட்டும். கேள்வி கேட்பது அவமதிப்பன்று என்பதை அதைவிடத் தெளிவாக எந்த மறையுரையும் சொல்லிவிட முடியாது.

முகவராக இருந்தவர்களுக்கும் ஒரு சொல். “நானும் ஏமாந்தவன்தானே” என்பது உங்கள் பதில். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு உறவினரையும் சேர்த்துவிட்டதற்குக் கழிவுத்தொகை வாங்கினீர்களே, அதுவும் ஏமாந்த பணமா? ஏழாம் கட்டளையை மீறியவர் பாவ மன்னிப்பு பெற்றால் மட்டும் போதாது, எடுத்ததைத் திருப்பித் தரவும் கடமைப்பட்டவர் என்பது திருச்சபை தொன்றுதொட்டுக் கற்பித்து வருவது. சக்கேயு இயேசுவை வீட்டில் வரவேற்றதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் தருவதாக எல்லார் முன்னிலையிலும் வாக்களித்தார். நான்கு மடங்கு வேண்டாம். வாங்கிய கழிவுத்தொகையையாவது திருப்பித் தருவதற்கு எந்த நீதிமன்ற ஆணையும் தேவையில்லை.

இறுதியாக, நம் சொந்தத் தறியையும் சற்றுப் பார்ப்போம். 1985-ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம், புடவை உள்ளிட்ட 11 வகைத் துணிகளில் குறிப்பிட்ட ரகங்களைக் கைத்தறிக்கு மட்டுமே ஒதுக்கியிருக்கிறது. ஆனால் விசைத்தறிப் புடவையைக் கைத்தறி என்று விற்கும் வழக்கம் ஒழியவில்லை. 2004-இல் அறிமுகமான ‘சில்க் மார்க்’ முத்திரை, துணி தூய பட்டு என்று மட்டுமே உறுதி சொல்கிறது. அதைக் கைதான் நெய்தது என்று சொல்வதில்லை. அதற்கு 2006-இல் வந்த கைத்தறி முத்திரை தனியே உண்டு. முன்னதைக் காட்டிப் பின்னதையும் நம்பவைக்கும் கடைக்காரர், சட்டப்படி ஒரு பொய்யும் சொல்லாமலே ஒரு நெசவாளியின் கூலியைத் திருடுகிறார். விலை மலிவு என்பதற்காக எதையும் கேட்காமல் வாங்கிக்கொண்டு போகும் நாமும் அந்தத் திருட்டில் பங்காளிகளே. பொய்யைச் சிறிய அளவில் பொறுத்துக்கொள்ளப் பழகிய சந்தையில் பெரிய பொய்கள் எளிதாக விலைபோகும்.

தோமாவை ‘ஐயப்பட்டவர்’ என்றே சொல்லிச் சொல்லி நாம் சிறுமைப்படுத்திவிட்டோம். காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்ற அவரை ஆண்டவர் விரட்டவில்லை. கையை நீட்டச் சொல்லித் தம் விலாவைக் காட்டினார். காணாமல் நம்புவோர் பேறுபெற்றோர் என்றும் அவர் சொன்னார். அது கடவுள்மீது கொள்ளும் நம்பிக்கையைப் பற்றியது. அந்தச் சலுகையை மாதம் 30 விழுக்காடு வட்டி தருவதாகச் சொல்பவருக்கு வழங்க நமக்கு அதிகாரமில்லை. அடுத்த முறை ஓர் உறவினர் திட்டத்தோடு வந்து, “என்னை நம்பமாட்டாயா?” என்று கேட்டால், கோபமின்றி, அன்போடு, அவருக்கு இருக்கையும் தேநீரும் கொடுத்துவிட்டு இப்படிச் சொல்லுங்கள்: “உங்களை நம்புகிறேன், காகிதத்தைக் காட்டுங்கள்.”